நீலக் காரும் அயினிப் பாலும்

ஒரு ஊர்ல ஒரு நீலக் கார் இருந்துச்சு மக்கா. போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ. நீ ம் கொட்டுனாத்தான் வண்டி நகரும். ம்?

ம். அந்தக் கார் லாசர் மாமாவோடது. லாசர் மாமா கப்பல்ல சமையல்காரரா இருந்தவரு. வயசானப்புறம் கரைக்கு வந்து, மலையடிவாரத்துல ஒரு வீடு கட்டி, கடல் நெறத்துலயே ஒரு கார் வாங்குனாரு. "கடலைக் கூட்டிட்டு வர முடியல, அது நெறத்தையாவது கூட்டிட்டு வந்தேன்"னு சொல்லுவாரு. காலைல காப்பி குடிக்கிறாரோ இல்லையோ, காரைத் தொடைச்சிருவாரு.

அப்புறம் என்னாச்சு, அவரு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருச்சு. மொதல்ல பேப்பர்ல இருக்கிற எழுத்து போச்சு. அப்புறம் ஆளுக மொகம் போச்சு. கடைசில காரோட நெறமும் போச்சு. எல்லாம் சாம்பலாத் தெரியுதேன்னு, அதைத் தடவித் தடவிப் பாத்துட்டு நிப்பாரு.

பக்கத்து வீட்டுல மேபல்னு ஒரு பொண்ணு. ஆட்டோ ஓட்டுறவ. மாமாவ கண் ஆபரேசனுக்கு டவுன் ஆஸ்பத்திரியில கொண்டு விட்டது அவதான், அந்த நீலக் கார்லயே. உள்ள போறதுக்கு முன்னாடி மாமா சாவிய அவ கையில வச்சு மூடுனாரு.

"நாளான்னைக்கு கட்டு அவுத்துருவாங்க மேபல். கூப்பிட வரும்போது ஆட்டோ வேண்டாம், இதுலயே வா. நான் மொத மொதல்ல இதைத்தான் பாக்கணும்."

"வாரேன் மாமா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனா அந்த ஒரு சொல்லு மேபல் நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு.

மறுநாள் சாயங்காலம் வந்துச்சு பாரு ஒரு காத்து. ஊஊஊ... ஊஊஊன்னு. கார் ஷெட்டுக்கு மேல நின்ன தென்னை ஆடுற ஆட்டத்தப் பாத்து மேபலுக்கு பயம். ஒரு தேங்கா விழுந்தாலும் கார் நசுங்கிருமே. உடனே காரை எடுத்துட்டுப் போய், மதிலோரமா நின்ன அயினி மரத்தடியில விட்டா. அயினி தெரியும்ல? பலாவுக்குத் தம்பி மாதிரி. பழம் சின்னது, மரம் பெருசு. உச்சிய அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், அவ்வளவு பெருசு.

காத்தோட மழையும் சேந்துக்கிச்சு. அப்போ மேல மடார்னு ஒரு சத்தம். பெரிய கொம்பு ஒண்ணு முறிஞ்சு, கீழ விழாம அங்கயே தொங்குச்சு. முறிஞ்ச எடத்துல இருந்து பால் வந்துச்சு. சொட்... சொட்... சொட்... நேரா கார் மேல. தென்னையில இருந்து ஒரு குரும்பை கூட விழல மக்கா. ம்?

ம். விடிஞ்சு பாத்தா, காரு முழுக்க புளியக் கரைச்சுத் தெளிச்ச மாதிரி திட்டுத் திட்டா கெடக்கு. அயினிப் பால்னா சும்மாவா? குருவி பிடிக்கிறவன் அதைத்தான் குச்சியில தடவி வைப்பான். உக்காந்த குருவிக்கு எந்திரிக்க முடியாது. அன்னைக்குத்தான் மாமாவ கூட்டிட்டு வரணும்.

மொதல்ல வாளியில சோப்புத் தண்ணி கலக்கி, சளக் சளக்னு ஊத்தித் தேய்ச்சா. சேறு போச்சு, காக்கா எச்சம் போச்சு. பால் போகல. மூஞ்சி கழுவிப் பொட்டு வச்ச மாதிரி இன்னும் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

அப்புறம் கத்திய எடுத்து மெதுவா சொரண்டுனா. க்ரீச்சுன்னுச்சு. நீலத்துல முடியளவு ஒரு வெள்ளைக் கோடு. அவளுக்குத் தன் தோல்ல கீறுன மாதிரி இருந்துச்சு. கத்தியத் தூரப் போட்டுட்டு, அந்தக் கோட்ட வெரலால தடவிக் கொடுத்தா.

அப்புறம் கொஞ்ச நேரம் கைய மோந்து பாத்துட்டு உக்காந்திருந்தா. அப்போ நெனப்பு வந்துச்சு. பலாப்பழம் வெட்டும்போது கையில என்ன தடவுவோம்? தேங்கா எண்ணெய் தானே. ஓடிப்போய் எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் கொண்டு வந்தா. துணிய எண்ணெய்ல நனைச்சு, ஒவ்வொரு திட்டு மேலயும் பத்துப் போடுற மாதிரி வச்சு, ஊறட்டும்னு விட்டா. அவசரப்படல. ஊறுனப்புறம் ஒரு துடை. வழுக்குன்னு வந்துச்சு. அடியில நீலம், கண்ணாடி மாதிரி. கூரை முடிஞ்சுது, கதவு முடிஞ்சுது, பின்பக்கம் முடிஞ்சுது. சோப்புப் போட்டு அலசி விட்டா. முன்னால எஞ்சின மூடுற பானட்டு மட்டும்தான் பாக்கி. அங்கதான் பால் தடிமனா கெடந்துச்சு, வெயில் பட்டு எளகிக் கெடந்துச்சு.

துணிய நனைச்சுக் கைய நீட்டுனா பாரு, அந்தப் பால் மேல என்னமோ அசையுது.

கொசு மாதிரி இருக்கு, ஆனா கொசு இல்ல. குனிஞ்சு பாத்தா. கொசுத்தேனீ. கொட்டாது, கடிச்சாலும் வலிக்காது, எள்ளு எத்தனை பெருசோ அத்தனை பெருசு. ஒண்ணு அந்தப் பாலை வாயால கவ்வி இழுக்குது. நூல் மாதிரி வருது. அதை முன்னங்கால்ல வாங்கி, உருட்டி, நடுக்கால்ல கொடுத்து, பின்னங்கால்ல அப்பி, தட்டித் தட்டி வைக்குது. சின்னதா ஒரு உருண்டை, பவுன் நெறத்துல. அந்தக் கால்ல ஒண்ணு, இந்தக் கால்ல ஒண்ணு. அப்புறம் ங்ங்ங்னு பறந்து போயிருச்சு. அது போன எடத்துல இன்னொண்ணு வந்து உக்காந்துச்சு. ஒரு ஆளால சொரண்ட முடியாத பாலை இத்துனூண்டு பூச்சி அள்ளிட்டுப் போகுது.

எங்க போகுதுன்னு பாக்கணும்ல? மேபல் பின்னாலயே போனா. மதில்ல ஒரு ஓட்டை. அதுக்குள்ளதான் கூடு. கூட்டு வாசல்ல மெழுகுக் குழல் ஒண்ணு எப்பவும் நீட்டிட்டு இருக்கும். காத்துல ஒரு கம்பு விழுந்து அந்தக் குழல் ஒடைஞ்சு போயிருந்துச்சு. வாசல் ஆன்னு தொறந்து கெடக்கு. கீழ இருந்து செவ்வெறும்பு, சாரை சாரையா, அந்த வாசலப் பாத்து ஏறுது.

உள்ள குஞ்சுக இருக்கும், தேன் இருக்கும். எறும்பு நொழைஞ்சா கூடு காலி. ம்?

ம். தேனீக என்ன செஞ்சுதுங்க தெரியுமா? கொண்டு வந்த பாலை வாசலச் சுத்தி பொட்டு பொட்டா வச்சுதுங்க. முன்னால வந்த எறும்பு அதுல கால வச்சுது. ஒட்டிக்கிச்சு. அடுத்ததும் ஒட்டிக்கிச்சு. பின்னால வந்ததெல்லாம் நின்னு, மீசைய ஆட்டி ஆட்டிப் பாத்துச்சு. ஆனா பால் காயக் காய, மேல மேல வச்சுக்கிட்டே இருக்கணும். பானட்டுக்கும் மதிலுக்கும் ஒரு கோடு போட்ட மாதிரி, போகுது வருது, போகுது வருது. மேபல் கையெடுத்துக் கும்பிடல, ஆனா கும்பிட்ட மாதிரிதான் நின்னா.

ஒரு எலையில கொஞ்சம் பாலை வழிச்சு மதில் மேல வச்சுப் பாத்தா. அதுக அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. அதுகளுக்குத் தெரிஞ்ச வழி கார்தான்.

ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. கார எடுத்தா கூடு போச்சு. எடுக்காட்டி கொடுத்த வாக்கு போச்சு. சாவி அவ கையில சூடா இருந்துச்சு. மதிலப் பாத்தா, காரைப் பாத்தா. அப்புறம் சாவிய இடுப்புல செருகிட்டு, தடதடதடன்னு ஆட்டோவ எடுத்துட்டுப் போனா.

லாசர் மாமா ஆஸ்பத்திரி வாசல்ல கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு, கண்ணை இறுக்க மூடிட்டு நின்னாரு. ஆட்டோ சத்தம் கேட்டதும் அவரு மொகம் வாடிப்போச்சு.

"கார் எங்க மேபல்?"

"வீட்டுல நிக்குது மாமா."

"இடிச்சிட்டியா?"

"இல்ல. அயினிப் பால் கொட்டிருச்சு. சொரண்டப் போய் ஒரு கீறலும் விழுந்திருச்சு."

"அதுக்கா எடுத்துட்டு வரல?"

"அதுக்கில்ல மாமா. சொன்னா நம்ப மாட்டீங்க. வந்து பாருங்க."

மாமா ஆட்டோவுல ஏறுனாரு. வழியெல்லாம் கண்ணை மூடிட்டே வந்தாரு. மலை போச்சு, கொளம் போச்சு, கொளத்துல தாமரை போச்சு, அவரு எதையும் பாக்கல. மொதல் பார்வை காருக்குன்னு வச்சுட்டாரு.

வீட்டு முன்னாடி எறங்கி, அவ கையப் புடிச்சு நடந்து வந்து, கண்ணத் தொறந்தாரு.

நீலம். கூரையெல்லாம் நீலம், கதவெல்லாம் நீலம். பானட்டு மட்டும் திட்டுத் திட்டா பழுப்பு. மேபல் துப்பட்டா நுனிய முறுக்கிட்டு நின்னா.

"மாமா, நான்..."

மாமா கையத் தூக்கி நிறுத்துனாரு. பானட்டுக்கிட்ட போனாரு. குனிஞ்சாரு. இன்னும் குனிஞ்சாரு. அப்புறம் மெதுவா, கோயிலுக்குள்ள பேசுற மாதிரி சொன்னாரு.

"மேபல், இது கால்ல ஒரு உருண்டை இருக்கு."

"ஆமா மாமா."

"ரெண்டு கால்லயும் இருக்கு."

உன் மூஞ்சி எது என் மூஞ்சி எதுன்னு தெரியாம இருந்த மனுசன் மக்கா. அவருக்கு எள்ளளவு தேனீயோட காலு தெரியுது. கால்ல இருக்கிற உருண்டை தெரியுது. அதுக்குள்ள வெயில் மினுங்குறது தெரியுது. அது பறந்தப்போ அவரு கண்ணும் கூடவே பறந்து மதில் வரைக்கும் போச்சு. கன்னத்துல தண்ணி எறங்குறத அவரு தொடைக்கவே இல்ல. டாக்டர் கண்ணத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாருல்ல.

ரெண்டு நாற்காலி போட்டு மாமாவும் மேபலும் உக்காந்தாங்க. சோறு ஆறிப்போச்சு. வெயில் சாயச் சாய, அந்த ஓட்டை வாசல்ல புதுசா ஒரு குழல் எழும்புச்சு, நாதஸ்வரத்தோட வாய் மாதிரி, மெல்லிசா. எறும்பு எல்லாம் வந்த வழியே எறங்கிப் போச்சு.

"பானட்ட எப்போ தொடைக்கட்டும் மாமா?"

"அதுக போதும்னு சொல்லட்டும்"னாரு மாமா.

அப்புறம் ஒவ்வொண்ணா உள்ள போச்சுங்க. கடைசித் தேனீ போனதும் உள்ள இருந்து ஒண்ணு வந்து மெழுகு வச்சு வாசலச் சாத்திருச்சு. ங்ங்ங்... ங்ங்... ங்... சத்தம் அடங்கிருச்சு.

ம்?

ம் காணோமே. சரி, கதை கூட்டுக்குள்ள போயிருச்சு. தூங்கு மக்கா.