நல்ல இடம்

பாளையங்கோட்டையில் பியூலா டீச்சர் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு மூத்த மாணவர் இரும்புக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி. டீச்சரைவிட முப்பது வயதாவது பெரியவர். லண்டனில் இருக்கும் மகன் கோமதிநாயகம் அங்கேயே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டான். மருமகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று இந்த வயதில் ஏ, பி, சி, டியோடு மல்லுக்கு நின்றார். பாவம், வீட்டுப்பாடத்தை ஒருநாளும் தப்பவிட்டதில்லை.

அன்றைக்கு எல்லாருக்கும் முந்தி வந்துவிட்டார். கையில் அல்வாப் பொட்டலம்.

"எடுத்துக்கிடுங்க டீச்சர். மவனுக்கு நல்ல இடம் அமைஞ்சிட்டு. பெரிய வேலையாத்தான் இருக்கும். காலையில மருமவ போன் பண்ணினா. அவ்வளவும் இங்கிலீஷ். எனக்குப் புரிஞ்சிட்டே!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க பாப்போம்."

"ஹி இஸ் இன் எ பெட்டர் பிளேஸ் நவ்."

வாய்க்குக் கொண்டுபோன அல்வா டீச்சரின் கையிலேயே நின்றது.

"கோமதிநாயகம் பேசலையா?"

"ரெண்டு வாரமாவே பேசலை. கேட்டதுக்கு, 'ஹி இஸ் அண்டர் தி வெதர்'னு சொன்னா. அவன் இருக்க இடத்துல ஒரே மழை போல. லைன் கிடைக்காதுல்லா?"

"இன்னைக்கு அவங்க அழுதாங்களா அண்ணாச்சி?"

"அழுதா. சந்தோஷம் தாங்கலை, அழுதுட்டு புள்ள."

மரபுத்தொடர்கள் அடுத்த மாதப் பாடம். இப்போதைக்குச் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பிடிங்க, போதும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் டீச்சர்தான். இதை வேறு யாராவது அவரிடம் சொல்லிவிட மாட்டார்களா என்று அவளுக்கு இருந்தது. அறையில் அவர்கள் இருவரைத் தவிர ஆளில்லை.

எழுந்து வந்து அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, அண்டர் தி வெதர்னா மழை இல்லை. உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்."

"அப்ப பெட்டர் பிளேஸ்?"

"இறந்துபோனவங்களை அப்படிச் சொல்வாங்க."

அவர் பொட்டலத்து நூலை எடுத்து விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடியும் சுற்றினார்.

"வீட்டுல அவன் அம்மை தெரு பூரா அல்வா குடுத்துக்கிட்டிருக்கா" என்றார். அப்புறம்தான் குரல் உடைந்தது. "செத்துட்டான்னு சொல்ல இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கிடையாதா?"

"இருக்கு."

"பெறகு ஏன் டீச்சர் அவ நேராச் சொல்லலை?"



"லண்டனுக்குக் கிளம்பும்போது கோமதிநாயகம் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"போயிட்டு வாரேம்ப்பான்னான்."

"போறேன்னு சொல்லலையா?"

"வாசல்ல நின்னுக்கிட்டு அப்படிச் சொல்ல யாருக்கு டீச்சர் வாய் வரும்?"

"அந்தப் பொண்ணுக்கும் வரலை அண்ணாச்சி."