சந்தைச் சுவரில் ஓர் ஈ

பொன்னாவரை நாட்டு அரசன் மாறவேளுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. சபையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். விழித்திருக்கும் நேரத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிடுவான். மற்றபடி நல்லவன்.

அந்த ஊர்ச் சந்தைச் சுவரில் கரியும் காவிக்கல்லும் கொண்டு கேலிச் சித்திரம் வரைகிறவள் சிற்றல்லி. நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச அவளுக்கு வராது. சொல்ல வேண்டியதைச் சுவர்தான் சொல்லும். ஒருநாள் அவள் அரசன் தூங்குவதையே வரைந்துவிட்டாள். கிரீடம் ஒரு காதில் தொங்கியது. கொடுவாள் மீசை இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. திறந்த வாயின் ஓரத்தில் ஓர் ஈ, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஊரே சிரித்தது. அரசனும் வந்து பார்த்தான், வயிறு குலுங்கச் சிரித்தான், வழக்கம்போல் ஒரு வாக்கும் கொடுத்தான்: சந்தைச் சுவரில் தன்னை யார் எப்படி வேண்டுமானாலும் வரையலாம், வரைந்ததை யாரும், வரைந்தவரே ஆனாலும், அழிக்கக் கூடாது.

ஊரின் காவல் தெய்வம் ஊருணிச் சாமி. ஊருணிக் கரையில் நிற்கும் ஒரு கல்தான் அது. கண் இல்லை, மூக்கு இல்லை. மஞ்சள் பூசி ஒரு முழம் பூவைச் சுற்றினால் சாமி. சித்திரம் வந்து சில மாதங்கள் கழித்து, கோயில் மணியக்காரர் பெருந்தேவர் அரசனிடம் போய், இவ்வளவு பெரிய நாட்டின் சாமிக்கு ஒரு முகம்கூட இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அரசன் உடனே சிலை செய்யச் சொன்னான். முகம் எப்படி இருக்க வேண்டும் என்று சிற்பி வீரணன் கேட்டதற்கு, கம்பீரமாக இருக்கட்டும் என்றார் மணியக்காரர். வீரணனுக்குத் தெரிந்த கம்பீரமான முகம், தனக்குப் படியளக்கிறவருடைய முகம்தான்.

குடமுழுக்கு நாளில் திரையை விலக்கினார்கள். கொடுவாள் மீசையும் இரட்டைத் தாடையுமாகச் சாமி நின்றது. அரசன் ஒரு கணம் திகைத்தான். பிறகு தன் மீசையைத் தடவிக்கொண்டே, "பொருத்தமாகத்தான் இருக்கிறது" என்றான். அந்த மனக்குளிர்ச்சியிலேயே இரண்டாவது வாக்கும் பிறந்தது: ஊருணிச் சாமியைக் கேலிப்பொருள் ஆக்குகிறவர் எவரானாலும் ஆற்றைக் கடந்து நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். பழைய கல்லைக் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தில் சாய்த்துவைத்தார்கள்.

மறுநாள் சந்தையில் ஒரு வேடிக்கை. சுவரைக் கடந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் தேங்காயே உடைத்துவிட்டார். அப்புறம்தான் ஈ கண்ணில் பட்டது. கும்பிட்ட கை இறங்குவதற்குள் கோபம் வந்துவிட்டது.

சிற்றல்லிக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பூக்காரி மருதாயியைப் பார்த்ததும் அது நின்றுபோனது. தினமும் சாமிக்கு முதல் முழம் கட்டுகிறவள், கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் தாயி, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? என் சாமி வாயிலதானா ஈ மொய்க்கணும்?"

"அது சாமி இல்லக்கா. ராஜா."

"காலையில நான் பூப்போட்ட மொகம் எனக்குத் தெரியாதா?"

ஈயை மட்டுமாவது துடைத்துவிடலாம் என்று சிற்றல்லியின் கை சுவர் வரைக்கும் போனது. பக்கத்தில் நின்ற காவலாளி, அரச வாக்கை நினைவூட்டித் தலையை ஆட்டினான். கையை இழுத்துக்கொண்டாள்.

வழக்கு சபைக்கு வந்தது. அன்று அரசன் தூங்கவில்லை. எப்போது வரைந்திருந்தால் என்ன, இன்று ஊர் கும்பிடும் முகம் அது, பக்தர்கள் மனம் புண்பட்டிருக்கிறது, இவள் ஆற்றைக் கடக்கத்தான் வேண்டும் என்று மணியக்காரர் வாதாடினார். அக்கரையில் சிற்றல்லியை வரைய விடும் சுவர் ஒன்றுகூடக் கிடையாது.

"நான் வரைந்தபோது சாமிக்கு முகமே இல்லை" என்றாள், முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் குரலில். "அதற்குப் பிறகு ஒரு கோடுகூட நான் சேர்க்கவில்லை."

எல்லாரும் வீரணனைப் பார்த்தார்கள். கம்பீரம் கேட்டார்கள், கொடுத்தேன், பிடிக்காவிட்டால் திரை விலக்கிய அன்றே சொல்லியிருக்கலாமே என்றான் அவன். மணியக்காரரோ, தான் முகம்தான் கேட்டதாகவும் இன்னாருடைய முகம் என்று சொல்லவே இல்லை என்றும் ஒதுங்கிக்கொண்டார். சிற்றல்லியை அனுப்பினால் அரசனின் முதல் வாக்குப் பொய்யாகும். யாரையும் அனுப்பாவிட்டால் இரண்டாவது வாக்குப் பொய்யாகும். கூட்டத்தின் ஓரத்தில் மருதாயி இன்னும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

ஊருணிச் சாமியைக் கேலிப்பொருள் ஆக்கியது யார்? ஆற்றைக் கடக்க வேண்டியவர் யார்? உங்கள் விடையை மனதில் முடிவுசெய்துகொண்டு கீழே வாருங்கள்.

விடை: அரசன்தான். சிற்றல்லி வரைந்த நாளில் அது ஒரு மனிதனின் முகம், அவ்வளவே. மணியக்காரர் ஒரு முகம் கேட்டார். வீரணன் பணிவிலோ பயத்திலோ தெரிந்த முகத்தைக் கொடுத்தான். ஒரே சொல்லில் அதைத் தடுத்திருக்கக் கூடியவன் மீசையைத் தடவிக்கொண்டான். ஆளுகிறவன் தன் முகத்தைச் சாமிக்கு வைத்துவிட்டால், அவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் எல்லாரும் சாமியைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். மருதாயியின் அழுகை உண்மையானது. ஆனால் அவள் அழுதது அரசன் செய்த குழப்பத்தால். மாறவேளுக்கும் இது புரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்க ஆற்றில் இறங்கி அக்கரை ஏறினான். வெளியேற வேண்டும் என்றுதான் வாக்கு. திரும்பக் கூடாது என்று சொல்லவில்லை என்பதால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டான். சிலை அரண்மனை வாசலுக்குக் காவல் போனது. கல் தன் இடத்துக்குத் திரும்பியது. மறுநாள் காலை அதற்கு மஞ்சள் பூசிப் பூச்சுற்றிவிட்டுச் சந்தைக்கு வந்த மருதாயி, சுவர் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"தாயி," என்றாள் சிற்றல்லியிடம், "அந்த ஈய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வரைஞ்சிருக்கலாம்."