எரிந்த பிறகு வந்த அதிகாரம்

யானை அரசாண்ட மூங்கில் காட்டில் தீக்காவல் வேலை நீர்நாய்க்கு. தர்பாரில் தோகை விரிக்கும் மயிலுக்கு நாளும் ஒரு கூடை அத்திப்பழம். தீயில் இறங்கும் நீர்நாய்க்கோ, கொக்கு மந்திரி தின்று போட்ட மீன்முள்! அதிகாரம் அதைவிடச் சன்னம். எரிகிற வீட்டை உடைக்கலாம். எரியாத வீட்டுக்கு அறிவுரை மட்டும் சொல்லலாம்.

அந்தக் கோடையில் கரடி ஒரு சத்திரம் கட்டியது. சுவரும் கூரையும் காய்ந்த கோரைப்புல். வாசல் ஒன்றே ஒன்று. மேட்டில் புல் கருகியதால் பிழைக்க வந்த முயல்கள் குட்டிகளோடு உள்ளே நெருக்கியடித்துத் தங்கின. அந்த வாசலிலேயே கரடி தேனடைக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தது.

பார்த்த நீர்நாய்க்குப் பகீரென்றது. “கரடியாரே, பின்னால ஒரு வழி வையுங்க! பொறி பறந்தா இத்தனை குட்டிகளும் எங்கே போகும்?”

“வழி வெச்சா, தங்கினதுக்குக் கிழங்கு கொடுக்காம நழுவிடுமே! சரி, நீ சொல்றது உத்தரவா, அறிவுரையா?”

நீர்நாய் தலை கவிழ்ந்தது. “அறிவுரைதான்.”

“அப்போ காதுல வாங்கியாச்சு, போயிட்டு வா!” என்ற கரடி, கொழுத்த விரால் ஒன்றைத் தூக்கிக் காட்டியது. “இந்தா, எல்லாம் சரியா இருக்குன்னு அரசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. உன் வீட்ல குட்டிங்க முள்ளை நக்குதுங்களாமே?”

நீர்நாய்க்கு எச்சில் ஊறியது. விழுங்கிக்கொண்டது. “எங்களுக்கு முள்ளே போதும்!” என்று தர்பாருக்கு ஓடியது. பயந்துபோன தாய்முயல் ஒன்றும் குட்டிகளை உள்ளே தூங்கவிட்டு, கூடவே ஓடியது.

“அரசே, அந்தச் சத்திரத்தை மூட எனக்கு அதிகாரம் கொடுங்க!”

யானை காதை ஆட்டியது. “எரிஞ்சா உடைக்கத்தான் அதிகாரம் இருக்கே! எரியாததுக்கு என்னப்பா அவசரம்?”

“வெள்ளம் வந்தப்புறமா அரசே அணை போடுறது?”

“வாயைப் பாரு!” என்றது கொக்கு. “மீன்முள் செரிக்கலை போல!” தர்பாரே சிரித்தது.

சிரிப்பு அடங்குமுன் சத்திரத்தின் பக்கம் புகை எழுந்தது.

நீர்நாய் குளத்தில் புரண்டு, நனைந்த உடம்போடு பாய்ந்து, பின்சுவரைப் பல்லால் கிழித்தது. இப்போது அதற்கு முழு அதிகாரம்! ஓட்டை வழியே முயல்கள் உருண்டு வந்தன. தர்பாருக்கு ஓடிவந்த தாயின் குட்டிகள் மட்டும் வரவேயில்லை.

யானை வந்து சேர்ந்ததும் கரடி முந்திக்கொண்டது. “தீக்காவலர் வந்து பார்த்துட்டுத்தான் போனார் அரசே! மூடுன்னு ஒரு உத்தரவு போட்டாரா, கேளுங்க!”

“காவல் தவறிய நீர்நாய்க்கு இன்றோடு வேலை போச்சு!” என்று கொக்கு கூவியது.

 மீசை கருகிய நீர்நாயின் கண் சாம்பலிலேயே கிடந்தது.

தாய்முயல்தான் யானையின் காலடியில் போய் நின்றது. “இது கெஞ்சிச்சு. நீங்க சிரிச்சீங்க. நானும் பக்கத்துலதானே நின்னேன்! இப்போ யாரை வேலையை விட்டு அனுப்பணும், நீங்களே சொல்லுங்க அரசே!”

யானையின் தும்பிக்கை தரையில் தாழ்ந்தது.

காவலனை அரைவயிற்றில் வைத்து, அவன் கையையும் கட்டிப்போட்டவர்களே கூரைக்கு முதல் கொள்ளி வைத்தவர்கள்.