இரண்டாவது ஓட்டக்காரன்

கோளரிவர்மன் நாட்டில் வியாபாரம் முழுக்கத் துறைமுகத்தை நம்பித்தான் நடந்தது. கடல் நிலவரத்தை எழுதிய ஓலையை ஓர் ஓட்டக்காரன் தினமும் தலைநகருக்குக் கொண்டுவருவான். போன மாதம் அவனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ஓலை வரவில்லை. புயல் என்று தெரியாமல் வியாபாரிகள் பட்டுமூட்டைகளை அனுப்ப, எல்லாம் கடற்கரையில் நனைந்து நாசமாயின.

"இனி ஒருவன் விழுந்தால் இன்னொருவன் ஓட வேண்டும்" என்றார் அரசர்.

அமைச்சர் விழுப்பரையருக்கு எதுவும் முறைப்படி நடக்க வேண்டும். இரண்டாவது ஓட்டக்காரனை நியமித்தார். செருப்பு, தலைப்பாகை எல்லாம் கொடுத்தார். பிறகு சபையில் உத்தரவை வாசித்தார்.

"முதலாமவனால் ஓட முடியாமல் போனால், அவனே இரண்டாமவனிடம் நேரில் வந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகே இரண்டாமவன் புறப்பட வேண்டும்."

சபை விகடகவி வெண்காடன் சிரித்துவிட்டான்.

அமைச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "குறை இருந்தால் மூன்று நாளில் காட்டும். இல்லையென்றால் இந்தச் சபைப் பக்கமே வரக்கூடாது."

அரசரும் தலையசைத்துவிட்டார். இந்தச் சபையை விட்டால் வெண்காடனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மூன்றாம் நாள் அரசரையும் அமைச்சரையும் விருந்துக்கு அழைத்தான். இலை போட்டாயிற்று. அரசர் இலையில் பருப்பு, நெய், மூன்று வகைக் கறி. அமைச்சர் இலையில் தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும்.

எதிரிலேயே ஒருவன் சோற்றுப் பானையோடு நின்றான். அரசர் குழம்பு முடித்து ரசத்துக்கு வந்துவிட்டார்.

"ஏனப்பா நிற்கிறாய்?" என்றார் அமைச்சர்.

"நான் ரெண்டாவது ஆளுங்க. உங்களுக்குப் பரிமாற வேண்டிய மொத ஆளு வேற."

"அவன் எங்கே?"

"காய்ச்சலா படுத்திருக்கான்னு கேள்விங்க."

"பிறகென்ன, நீ போடு."

"அதெப்படிங்க? தன்னால முடியலன்னு அவனே வந்து எங்கிட்ட சொல்லணும். இன்னும் வரலீங்க."

"எழுந்திருக்க முடியாதவன் எப்படியடா வந்து சொல்வான்?"

வெண்காடன் பணிவாகக் கைகட்டினான். "அதைத்தான் ஐயா, மூன்று நாளாக நானும் யோசிக்கிறேன்."

அரசருக்கு ரசம் புரையேறியது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெண்காடா, உன் இடம் சபையில்தான். விழுப்பரையரே, உச்சிப்பொழுதுக்குள் முதலாமவன் கண்ணில் படாவிட்டால் இரண்டாமவன் யாரையும் கேட்காமல் ஓடட்டும். உத்தரவை இப்படி மாற்றலாமா?"

அமைச்சர் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாற்றிவிடலாம் அரசே. இந்தப் பந்தியிலிருந்தே மாற்றிவிடலாம்."