கொடைச்செம்மல் காருக்குள் பாம்பு

பொள்ளாச்சியில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கம்பெனி நடத்திய திருமலைசாமிக்குத் தன் பெயர்மேல் கொள்ளை ஆசை. கம்பெனியின் வலைப்பக்கத் தலைப்பே ‘கொங்கு மாமணி, கொடைச்செம்மல் திருமலைசாமி வரவேற்கிறார்’ என்றுதான் இருந்தது. பக்கத்தைக் கவனித்துக்கொண்ட கோகிலவாணியை அன்று டீலர்கள் முன்னால் கூப்பிட்டார்.

“நெட்டுல தேடுனா நாமதான் முதல்ல வரணும். தலைப்புல ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது. முடியாதுன்னா இப்பவே கிளம்பு.”

இந்த வேலை போனால் அவளுக்கு மறுபடி திருப்பூரில் நைட் ஷிப்ட்தான். வெளியே போனவள் உடனே திரும்பி ஓடிவந்தாள்.

“ஐயா, உங்க புதுக் காருக்குள்ள பாம்பு பூந்துருச்சுங்க.”

முதலாளி பதறிப்போய் ஃபோனில் தேடினார். ‘பாம்பு பிடிக்க, பொள்ளாச்சி, எந்நேரமும்’ என்ற பக்கம் முதலில் வந்தது. அதை அழுத்தப்போனார்.

“என்ன போட்டுத் தேடுனீங்க?” என்றாள்.

“பொள்ளாச்சியில பாம்பு பிடிக்க ஆள்னுதான்.”

“அவரு பேரைப் போடலீங்களா?”

“பேரு எனக்கெப்படித் தெரியும்? பாம்பு போனாப் போதும்.”

“காருல பாம்பே இல்லீங்க, சும்மா சொன்னேன். மோட்டார் கெட்டவங்களும் இப்படித்தான் தேடுவாங்க.”

பின்னால் ஒரு டீலர் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். முதலாளி ஃபோனை மெல்ல மேசைமேல் வைத்தார்.

“அவங்க என்னன்னு தேடுவாங்க?”

“‘மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல, பொள்ளாச்சி’ன்னு.”

“அதையே தலைப்பாப் போடு. என் பட்டமெல்லாம்?”

“கீழே போடறனுங்க. தண்ணி ஏறுனப்புறம் படிப்பாங்க.”