பிரிக்காத பெட்டி

மடத்துச் சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சீடர் தணிகாசலத்துக்கோ அறுபத்தைந்து. மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர்; விவரமான மனுஷன் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார்.

அன்று இரண்டு சாமான்களைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தார். ஒன்று, சின்ன வயதில் பபிள்கம்மோடு கிடைத்த கிரிக்கெட் அட்டை. முனையெல்லாம் மழுங்கியிருந்தது. மற்றது, மகன் மணிமாறனின் எட்டாவது பிறந்தநாளுக்கு, இருபத்தைந்து வருஷம் முன்னால், வாங்கிய புதுக் கிரிக்கெட் அட்டைகள் அடங்கிய பெட்டி. பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காத்த பெட்டி.

"எது விலை ஏறும் சாமி? அதைப் பையனுக்குக் கொடுக்கணும். நாலு வருஷமா போனை எடுக்க மாட்டேங்கிறான். நல்ல விலை போறதா ஒண்ணு கொடுத்தா, வீட்டுப் படி ஏறுவான்."

"பழசுக்கு ஏன் விலை?"

"இப்போ கிடைக்காது சாமி! சேகரிக்கிறவங்க தேடி அலையறாங்க. நாங்க என்ன பத்திரமாவா வச்சோம்? விளையாடியே கிழிச்சோம். மிச்சத்தை அம்மா பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டாங்க. தப்பிச்சது இது ஒண்ணுதான்."

"புதுசு?"

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "அதை ஏன் கேக்கறீங்க! விலை ஏறும்னு ஊரே வாங்கிப் பிரிக்காம வச்சிருக்கு. எந்த பீரோவைத் திறந்தாலும் இருக்கு. சீந்த ஆளில்ல."

"பையன் பிரிச்சுத் தரச் சொல்லலையா?"

"சொல்லாம? அழுதான், புரண்டான். ஒருநாள் நான் இல்லாத நேரம் பிரிக்கப் பாத்தான். முதுகுல வச்சேன் ரெண்டு. அதுக்கப்புறம் என்கிட்ட எதையுமே கேட்டதில்ல."

இதைச் சொல்லும்போது குரலில் பெருமைகூட இருந்தது, பாவி மனுஷனுக்கு.

சாமி பெட்டியை எடுத்தார். உறையின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"ஐயோ, பிரிக்காதீங்க! விலை போயிடும்!"

பாய்ந்து குருவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார் தணிகாசலம்.

சாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மகனை அடித்ததும் இதே கைதான் என்று தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கையை விட்டார். கண் கலங்கிவிட்டது.

"பிரிங்க சாமி," என்றார். உடனே, "இல்ல, வேண்டாம். அவன்கிட்டயே கொண்டுபோறேன். அவன் கையாலயே பிரிக்கட்டும். விலை போனாப் போகுது."

சாமி பெட்டியை அவர் மடியில் வைத்தார்.

"இதைக் கேட்டவனுக்கு எட்டு வயசு. அவனும் இனிமே கிடைக்க மாட்டான்."