கரிச்சான் கற்ற குரல்கள்

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், மேற்கு மலையில் ஊசிப்பாறைக் காடு என்று ஒரு காடு இருந்தது. அங்கே ஆளுக்கொரு பிழைப்பு. தவிட்டுக்குருவிகள் தரையில் சருகைக் கிளறித் தின்னும். மரங்கொத்திகள் பட்டையைத் தட்டித் தின்னும். மின்சிட்டுகளோ உச்சிக் கிளையை விட்டு இறங்குவதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கும். கூடிப் பேச ஒரு பொதுப் பேச்சு இருந்தது என்றாலும், வீட்டுக்குள் ஆளுக்கொரு பேச்சு. பயம் வந்துவிட்டால் யாருக்கும் பொதுப் பேச்சு வாயில் வராது. தாய் சொல்லித் தந்ததுதான் வரும்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்த இன்னொன்று வல்லூறு. அது சாதி குலம் பார்க்காமல் தினம் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனது. குனிந்து மேய்கிறவர்களுக்கு மேலே தெரியாது, மேலே இருக்கிறவர்களுக்குப் பின்னால் தெரியாது.

ஆகவே எல்லாரும் நாவல் மரத்தடியில் கூடி, துடுப்புவால் கரிச்சான் சடையனைக் காவலுக்கு அமர்த்தினார்கள். நெற்றியில் சிலிர்த்த குடுமி, வாலில் நீளமான இரண்டு கம்பிகள், கம்பி நுனியில் துடுப்பு என்று ஆள் பார்க்கவே மிடுக்காக இருப்பான். பயம் என்றால் என்னவென்று தெரியாதவன். கூடப்பிறந்த தம்பியை வல்லூறு கண்ணெதிரே கொண்டுபோன பிறகு, அதன் பிடரியில் கொத்திவிட்டு வந்த ஒரே பறவை அவன்தான்.

ஏற்பாடு சுருக்கமானது. சடையன் நடுக்கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஆபத்து வந்தால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவனைச் சுற்றியே மேய்வார்கள், அவர்கள் மேயும்போது கிளம்புகிற பூச்சியெல்லாம் அவனுக்கு. அவ்வளவுதான்.

அந்த வருஷம் வல்லூறு பட்டினி கிடந்தது. சடையனுக்கும் பெருமை தாங்கவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, மற்றவர்களே அவனைக் கெடுத்தார்கள். "சடையண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம் மேயலாம்?" என்று ஒருத்தர் கேட்பார். "அண்ணாச்சி, இந்தப் பொந்து எனக்கா அவனுக்கா?" என்று இன்னொருத்தர் வருவார். கேட்கக் கேட்க அவனும் சொன்னான். சொல்லச் சொல்ல, சொல்வது தன் வேலை என்றே நினைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவனை அரித்துக்கொண்டிருந்தது. அவன் எச்சரித்ததும் கூட்டம் நாலாப் பக்கமும் சிதறும். தவிட்டுக்குருவிகள் புதருக்குள் பாயும், மரங்கொத்தி பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொள்ளும், மின்சிட்டுகள் மேலே போகும். எல்லாரும் பிழைத்தார்களா என்று எண்ணி முடிப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வரும். ஒவ்வொரு தடவையும் தம்பியின் ஞாபகம் வரும். போதாக்குறைக்கு, அவன் ஒரு குரல் கொடுத்தால் இவர்கள் ஆளுக்கொரு பாஷையில் பத்துக் குரல் கொடுத்தார்கள். காதே அடைத்துப் போகும்.

ஒரு நாள் காலையில் எல்லாரையும் நாவல் மரத்துக்குக் கூப்பிட்டான்.

"இனிமே ஒரே குரல்தான். என் குரல் மட்டும். மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது. அது கேட்டதும் அத்தனை பேரும் அந்த வெண்தேக்கு உச்சிக்குப் போயிரணும். எல்லாரும் ஓரிடத்துல இருந்தாத்தான் நான் காப்பாத்த முடியும்."

மின்சிட்டுகளுக்கு ரொம்ப சந்தோஷம். அவர்கள் எப்படியும் அங்கேதான் போவார்கள். மரங்கொத்தி மாடக்கண்ணு மட்டும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தான்.

"ஏன்வே சடையா, ஒட்டிக்கிட்டு இருந்தா என்னையக் கண்டுபிடிக்க என் பொஞ்சாதியாலயே முடியாது. பறந்தாத்தான்வே நான் கண்ணுல படுவேன்."

"ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா எல்லாரும் கேப்பீங்க, அண்ணாச்சி."

தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு மூத்தவள் பேராச்சி முன்னால் தத்தி வந்தாள். அன்றைக்குத்தான் அவள் மகள் பொடிச்சி கூட்டை விட்டு இறங்கி ஆறு நாள் ஆகியிருந்தது.

"அண்ணே, எங்க றெக்கையப் பாருங்க. குட்டை றெக்கை. புதருக்குப் பாயத்தான் ஆகும். அத்தனை உசரம் ஏறுததுக்குள்ள மூச்சு வாங்கிரும். பிள்ளைய வேற வச்சிருக்கேன்."

"பழகினா எல்லாம் வந்துரும், தாயி. உன் பிள்ளைக்காகத்தானே சொல்லுதேன்."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அந்தக் குஞ்சுகளைத் தன் குஞ்சுகளாகவே நினைத்தான். பேராச்சியும் அதை அறிவாள், அதனால்தான் அதற்கு மேல் பேசாமல் திரும்பிப் போனாள். மறுத்திருக்கலாம். ஒரு வருஷமாகத் தன் கூட்டத்தைக் காப்பாற்றியவனை எடுத்தெறிந்து பேச அவளுக்கு நாக்கு எழவில்லை.

நாலாம் நாள் வல்லூறு வந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து தாழப் பறந்து வந்ததால் சடையன் பார்க்கவே கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பார்த்ததும் குரல் கொடுத்தான். மின்சிட்டுகள் உச்சிக்குப் போயின. மாடக்கண்ணு பட்டையை விட்டுக் கிளம்பினான். தவிட்டுக்குருவிகள் தொப்புத் தொப்பென்று சிறகடித்துக்கொண்டு, பாதி உயரத்தில் திணறிக்கொண்டிருந்தன.

பொடிச்சி மட்டும் ஏறவில்லை. பயத்தில் அவளுக்குப் புது உத்தரவு மறந்துபோயிற்று. "கிச்... கிச்..." என்று தாய் சொல்லித் தந்த சத்தத்தைப் பாதி போட்டுக்கொண்டு, பக்கத்து ஈச்சம் புதருக்குள் பாயத் திரும்பினாள். புதருக்கு ஒரு முழ தூரம்கூட இல்லை.

"மேலே! மேலே வா!" என்று சடையன் கத்தினான்.

நல்ல பிள்ளை அவள். பெரியவர் சொன்னதும் கேட்டுக்கொண்டு, புதரை விட்டுத் திரும்பி, வெட்டவெளியில் மேலே ஏறினாள். வல்லூறு அவளைக் கொண்டுபோயிற்று.

சடையன் மலையின் அடுத்த சரிவு வரைக்கும் துரத்திக்கொண்டு போனான். வெறும் அலகோடு திரும்பி வந்தான்.

மறுநாள் யாரும் சண்டை போடவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். வெயில் ஏறிய பிறகு அவன் பேராச்சியைத் தேடிப் போனான்.

"உங்க மேல கோவம் இல்லண்ணே," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். "உங்க குரலைக் கேட்டா பயமா இருக்கு."

மாடக்கண்ணுவும் தன் சொந்தக்காரர்களோடு ஓடைப் பக்கம் போய்விட்டான். மின்சிட்டுகள் இரண்டு நாள் மரியாதைக்கு இருந்துவிட்டு அவர்களும் கிளம்பினார்கள்.

பிரிந்து போனவர்கள் நன்றாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. அவரவர் பாஷையில் இஷ்டம்போலக் கத்தலாம், அவரவர் வழியில் ஓடலாம், எல்லாம் சரிதான். ஆனால் வருவதைப் பார்த்துச் சொல்ல மேலே ஆள் இல்லை. பத்து நாளில் தவிட்டுக்குருவிகளில் இரண்டு போயின, மரங்கொத்தியில் ஒன்று போயிற்று. வல்லூறு கொழுத்துவிட்டது. சடையனோ, பூச்சி கிளப்ப யாரும் இல்லாமல் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தான். தான் இல்லாமல் அவர்கள் இல்லை என்று நினைத்திருந்தவனுக்கு, அவர்கள் இல்லாமல் தனக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூட இல்லை என்பது வயிற்றில் உறைத்தது.

கூச்சத்தால் பக்கத்தில் போகவில்லையே தவிர, தவிட்டுக்குருவிகள் மேய்கிற இடத்தை அவன் தூரத்திலிருந்து பார்க்காத நாள் இல்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், அவர்களுக்கு நேர் மேலே, இலை மறைவில், வல்லூறு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சடையன் தன் குரலைக் கொடுத்தான்.

கீழே அத்தனை தலையும் நிமிர்ந்தது. ஆனால் ஒருத்தரும் அசையவில்லை. அந்தக் குரல் என்றால் மேலே போ என்று அர்த்தம். மேலே போன பிள்ளை திரும்பவில்லை. ஏறுவதா ஒளிவதா என்று தெரியாமல் வெட்டவெளியில் விறைத்து நின்றார்கள். அவன் மறுபடியும் கத்தினான். இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வல்லூறு சிறகை விரித்துவிட்டது.

என்ன செய்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. அவன் தொண்டையிலிருந்து "கிச்... கிச்..." என்று ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, பாதியில் அறுந்த, பொடிச்சியின் சத்தம்.

கண்மூடித் திறப்பதற்குள் தவிட்டுக்குருவிகள் அத்தனையும் புதருக்குள் இருந்தன. வல்லூறு வெறும் சருகை அள்ளிக்கொண்டு, தும்மிவிட்டு, பறந்து போயிற்று.

ரொம்ப நேரம் கழித்துப் பேராச்சி வெளியே வந்தாள். சடையன் முன்னால் வந்து நின்றாள்.

"அது என் பிள்ளை குரல்."

"ஆமா, தாயி."

"அதை எதுக்கு எடுத்தீங்க?"

"உங்க பேச்சுல எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்." என்றான் சடையன். "ஒரு வருஷம் உங்க பக்கத்துலயே இருந்திருக்கேன். நீங்க சத்தம் போட்டா எரிச்சல் பட்டிருக்கேனே ஒழிய, என்ன சொல்லுதீங்கன்னு காது குடுத்துக் கேக்கல. கடைசியில அவ சொன்னதுதான் காதுல நின்னுபோச்சு. அவ சரியாத்தான் ஓடுனா. நாந்தான் திருப்பி விட்டேன். இனிமே அந்தக் குரலை எடுக்க மாட்டேன்."

பேராச்சி அழுதாள். அவனும் அழுதான். குருவிகள் அழும்போது அருகில் யாரும் பேசக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம், ஆகவே புதருக்குள் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள்.

கடைசியில் அவள் மூக்கைக் கிளையில் துடைத்துக்கொண்டாள். "எடுங்க. அதைக் கேட்டுத்தானே இன்னைக்கு இத்தனை பேர் பிழைச்சிருக்கோம். ஆனா அது ஒண்ணு போதாது. அது மேலே இருந்து வாரதுக்கு. பாம்புக்கு வேற சத்தம் இருக்கு, பூனைக்கு வேற. கத்துக்கோங்க."

சாயங்காலத்துக்குள் செய்தி பரவி, எல்லாரும் மறுபடியும் நாவல் மரத்துக்கு வந்துவிட்டார்கள். மாடக்கண்ணு எடுத்த எடுப்பிலேயே சொன்னான்: "சடையா, எதுக்குப் பயப்படணும்னு நீரு சொல்லும். எப்படிப் பதுங்கணும்னு எனக்குத் தெரியும். பொந்துச் சண்டைய நாங்களே பாத்துக்கிடுதோம்."

"எங்க வாயும் திறந்தேதான் இருக்கும்," என்றாள் பேராச்சி. "நீங்க பாக்காததை நாங்க பாத்தா கத்துவோம். நீங்க தப்பாச் சொன்னா உங்களையும் சேத்துத் திட்டுவோம்."

சடையன் எல்லாவற்றுக்கும் குடுமியை ஆட்டினான். மறுநாள் விடிந்ததிலிருந்து ஒவ்வொரு கூட்டமாகப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். மரங்கொத்தியின் பேச்சு நாக்கில் நுழையாமல் ஒரு வாரம் திண்டாடினான். மாடக்கண்ணுவின் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பிறகு அவன் யோக்கியனாகவே இருந்துவிட்டானா என்று கேட்காதீர்கள். பசித்த நாளில் வராத வல்லூறை வந்ததாகச் சொல்லி, மற்றவர்கள் போட்டுவிட்டு ஓடிய புழுவைப் பொறுக்கித் தின்றதும் உண்டு. அப்போதெல்லாம் தவிட்டுக்குருவிகள் அவனைச் சுற்றி நின்று, மானம் போகிற மாதிரி ஏசித் தீர்த்தன. ஏசினார்களே தவிர, யாரும் பிரிந்து போகவில்லை.

அன்று முதல்தான், துடுப்புவால் கரிச்சான் ஒரே கிளையில் இருந்துகொண்டு மரங்கொத்திக்கு மரங்கொத்தியின் குரலிலும், மின்சிட்டுக்கு மின்சிட்டின் குரலிலும், தவிட்டுக்குருவிக்கு ஒரு குஞ்சின் குரலிலும் ஆபத்தைச் சொல்கிறது. சொல்லிவிட்டு, ஓடும் வழியை அவரவரிடமே விட்டுவிடுகிறது.